ஏரிக்குள் வந்தவர்களை யாரும் 'வாங்க' என்று சொல்லவில்லை

பக்கத்து இருக்கையில் இருப்பது லீலாவதி மதினிதான் என்று இந்திராணிக்குத் தெரிந்தபோது படம் தொடங்கி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. திரையில் வற்றிய ஏரிக்குள் வேற்றுக்கிரகத்துக் கப்பல் வந்து இறங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. மதினியும் அவளும் பேச்சுவார்த்தையை விட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, இருட்டில் யார் முகம் தெரிகிறது, ச்சொ ச்சொ ச்சொ என்று மூன்று தடவை நாக்கைத் தட்டி, ஒரு பெருமூச்சு விட்டு, போனால் போகிறது என்று நாலாவதாக ஒரு ச்சொ. அந்த வரிசை உலகத்திலேயே ஒருத்திக்குத்தான் சொந்தம், அவள் இந்திராணியின் புருஷன் செண்பகராமனின் அக்கா. கல்யாணமாகி வந்து வைத்த முதல் ரசத்துக்கு விழுந்ததும் இதே மூன்றும் ஒன்றும்தான். படம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள், இவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் முழங்காலை ஒதுக்கி வழி விட்டாள், வந்தவள் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நடந்ததை இப்போது திருப்பிப் பார்த்தால் என்ன அர்த்தம்? முன்னாலேயே உட்கார்ந்திருந்தவள் இவள். பிறகு வந்தவள் மதினி. உட்கார்ந்திருப்பவள்தான் வந்தவளைப் பார்த்து வாங்க என்று சொல்ல வேண்டும், அது வீடானாலும் கல்யாண மண்டபமானாலும் மதுரையில் ஐந்தாவது மாடியில் இருக்கிற சினிமா தியேட்டரானாலும். அப்படியென்றால் இது இரண்டாவது தடவை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் விட்டதற்கே இன்னும் பதில் சொல்லி முடியவில்லை, அதற்குள் இன்னொன்றா என்று நினைத்ததும் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

திரையில் ஒன்றுமே நடக்காதது ஒரு விதத்தில் வசதியாக இருந்தது. பரணி, மதினியின் மகன், இந்தப் படத்துக்குச் சத்தம் போட்டவன், போன வாரமே அலைபேசியில் சொல்லியிருந்தான்: "அத்தை, இது கொஞ்சம் நிதானமான படம். பொறுமையாப் பாருங்க. கடைசில என் பேரு வரும், கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள போயிரும்." பேச்சுவார்த்தை இல்லாதது அவன் அம்மாவோடுதானே, பிள்ளை என்ன செய்தான், ஐந்து வயது வரை இவள் இடுப்பில் இருந்தவன். அதனால்தான் பல் டாக்டரிடம் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, இந்தச் சனிக்கிழமை காலைக் காட்சிக்குத் தனியாக வந்தாள். அவன் பேரைப் பார்க்கப் பெற்றவளுக்கும் ஆசை இருக்கும், அவளும் ஊரில் யாருக்கும் தெரியாமல் காலைக் காட்சிக்குத்தான் வருவாள் என்று புத்தியில் உறைக்கவில்லை பார். கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி ஒரு கப்பல். கதவு திறந்திருக்கிறது, உள்ளே வெளிச்சம். வாசலில் நனைந்த போர்வையைக் கொடியில் போட்டாற்போல மூன்று உருவம் நெட்டையாக நின்றுகொண்டு ம்ம்ம்ம் என்று முனகுகிறது. அந்த முனகல்தான் பரணியின் கைவேலையாம், இதற்காகவா நாலு வருஷம் சென்னையில் படித்தான். வெளியே பட்டாளம், பீரங்கி, முகமூடி போட்ட விஞ்ஞானிகள், காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற டீச்சர் ஒருத்தி. அவள்தான் கதாநாயகி, நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிலேட்டில் வட்டம் போட்டுக் காட்டுகிறாள். வட்டம் எதற்கு? இத்தனை பேர் கூடியிருக்கிறார்கள், ஒருத்தருக்காவது வாயைத் திறந்து வாங்க என்று சொல்லத் தோன்றியதா? வந்தவர் யாராக இருந்தால் என்ன, எத்தனை காலோடு வந்தால் என்ன, வாசலில் வந்து நின்றாயிற்று என்றால் முதலில் வாங்க என்று ஒரு வார்த்தை, அப்புறம் சுடுவதோ சோறு போடுவதோ. இந்திராணிக்குக் கோபமே வந்தது. ரயில் நிலைய முன்பதிவு கவுண்டரில் இருபத்து நாலு வருஷமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், எந்த பாஷைக்காரன் வந்து நின்றாலும் நாலே கேள்விதான்: எங்கேயிருந்து, எங்கே, என்ன தேதி, எத்தனை பேர். இவர்களிடம் தன்னை விட்டிருந்தால் பத்து நிமிடத்தில் கேட்டு முடித்துக் கீழ் படுக்கை வேணுமா என்பது வரைக்கும் வந்திருப்பாள். அடுத்த ஆள் வாங்க, ஃபாரத்தை எழுதிட்டு வாங்க, சில்லறையோட வாங்க. ஒரு நாளைக்கு எத்தனை வாங்க அந்தக் கண்ணாடி ஓட்டை வழியாகப் போகிறது, முன்பின் தெரியாதவனுக்கெல்லாம். சொந்த நாத்தனாருக்கு ஒன்று மிச்சம் வைக்கத் தெரியவில்லை.

ஆனால் பால் அடுப்பில் இருந்ததே, அதை யார் யோசிக்கிறார்கள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்றைக்கு, கழுத்தில் மஞ்சள் கட்டிய பித்தளைப் பானையை அடுப்பில் ஏற்றியதும், செண்பகராமனின் பெரியப்பா, வாஸ்துவில் கரை கண்டவர் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறவர், "பொங்குற வரைக்கும் கண்ணை எடுத்துராத தாயி, எந்தப் பக்கம் வழியுதுங்கிறதுலதான் குடும்பத்தோட வாழ்வே இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். புது அடுப்பு, நெருப்பு நிற்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி எரிகிறது. பாலோ ஆடை கட்டுகிறது, சுருங்குகிறது, ஓரத்தில் நுரைக்கிறது, மறுபடி அடங்குகிறது. இவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இமை கொட்டினால்கூடக் குற்றமோ என்று பயம். அந்த நேரம் பார்த்துத்தான் சமையல்கட்டு வாசலில் ஓர் அரக்கு பார்டர் வந்து நின்றது. கடைக்கண்ணில் பார்டர் மட்டும்தான் தெரிந்தது, ஆனால் பார்டர் யாருடையது என்று தெரியாதா என்ன, சீர்த்தட்டோடு வந்து நிற்கிற மதினியுடையது. நின்றது. இன்னும் நின்றது. பால் விளிம்புக்கு வந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி பொறுத்தால் பொங்கிவிடும், அப்புறம் திரும்பி வாயாற வாங்க என்று சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். பால் பொங்கிற்று, மேற்குப் பக்கமாக வழிந்து அடுப்பையும் அணைத்தது. திரும்பினால் பார்டரைக் காணோம், நிலைப்படிக்குப் பக்கத்தில் தட்டு மட்டும் இருந்தது, தேங்காயும் பழமும் குத்துவிளக்கும். மதினி சாப்பிடாமல் போய்விட்டாள். அதற்கு மறுவாரம் செண்பகராமன் அக்கா வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசிவிட்டு ஒரு கேள்வியைக் கொண்டுவந்து போட்டார்: "கண்ணுதான பாலுல இருந்துச்சு, வாய் சும்மாத்தான இருந்துச்சுன்னு கேக்குறாக." அந்தக் கேள்விக்கு இந்திராணி ஒன்பது வருஷத்தில் நூறு பதில் தயார் செய்திருக்கிறாள். வாய் திறந்தால் கவனம் சிதறும். மூச்சுக்காற்றுப் பட்டால் பால் அடங்கும். மௌனம் அந்தச் சடங்கில் ஒரு பகுதி. ஒன்றும் எடுபடவில்லை என்று அவளுக்கே தெரியும். வாய் சும்மாதான் இருந்தது.

திரையில் டீச்சருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளன் வந்து சேர்ந்தான், அவன் ஒரு கம்ப்யூட்டர், முனகலைக் கேட்டு அது 'ஆபத்து' என்கிறது. அப்புறம் இல்லை, அது 'பசி' என்கிறது. அப்புறம் மன்னிப்புக் கேட்கிறது. செண்பகராமனுக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் கிடைக்காது. தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோவார், அங்கிருந்து பலகாரம் கொண்டுவருவார், மதினி என்ன சொன்னாக என்று கேட்டால் "நல்லா இருக்காக" என்பார், வேறென்ன சொன்னாக என்றால் "மழை இல்லங்குறாக" என்பார். ஒன்பது வருஷமாக இரண்டு நாடுகளுக்கு நடுவில் இந்த மனுஷன் கொண்டு வந்து சேர்த்த சேதி மழை இல்லை என்பது ஒன்றுதான். இப்போது பார்த்தால் மதினியின் முழங்கை நடுவில் இருக்கிற கைப்பிடியில் இருக்கிறது. இவளுடையதும் அங்கேதான் இருந்தது, தெரிந்துகொண்ட கணத்தில் எடுத்துவிட்டாள், எடுத்தது தப்போ, வெறுப்பில் எடுத்ததாக நினைத்துக்கொண்டால், திரும்ப வைத்தால் முழங்கை படும், பட்டால் ஸாரி என்று சொல்ல வேண்டும், நாத்தனாரிடம் போய் ஸாரியா. ஜாக்கெட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்த கடலைமிட்டாய் வேறு இருக்கிறது, வாசலில் பையைத் துழாவுவார்கள் என்று அங்கே வைத்தது. இப்போது வெளியே எடுத்தால் உறை சரசரக்கும், எடுக்காவிட்டால் உருகும். அது உருக ஆரம்பித்திருந்தது. உலகத்தின் தலைவிதியை நிச்சயிக்கிற மௌனத்தில் முந்நூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, இந்திராணி தன் நெஞ்சில் வெல்லம் இறங்குவதை உணர்ந்தபடி நேராக உட்கார்ந்திருந்தாள். மதினிக்குத் தெரியுமா? தன்னைத் தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருக்கிறாளா, தெரியாமல் இருக்கிறாளா? தெரிந்திருந்தால் எழுந்து வேறு இடம் போயிருப்பாள். போகவில்லை. அப்படியானால் தெரியவில்லை. அல்லது தெரிந்தும், நீயே சொல்லு பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறாள். இடைவேளைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான், விளக்கைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் ஒளிய இடமில்லை. வாங்க மதினி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே, ஆறு எழுத்து. சொல்லி, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அறுபத்து மூன்று வயது ஆகிவிட்டது மதினிக்கு, போன வருஷம் முழங்காலுக்கு ஆபரேஷன், இவள் போய்ப் பார்க்கவில்லை, ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் செண்பகராமனிடம் கொடுத்துவிட்டாள். இன்றைக்கும் திரும்பிக்கொண்டு போனால் இனி ஒரு சாவு வீட்டில்தான் இருவரும் ஒரே பாயில் உட்கார வேண்டியிருக்கும், அது யார் சாவோ.

இடைவேளை விட்டார்கள். விளக்கு எரிந்த அந்த நொடியில் இந்திராணி தூங்கிவிட்டாள். தலையை இடது பக்கம் சாய்த்து, நம்பும்படி இருக்கட்டும் என்று வாயை லேசாகத் திறந்து, மேலுக்கு ஒரு சின்னக் குறட்டையும் சேர்த்துக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயதில் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற ஒருத்தி செய்கிற காரியமா இது என்று கண்ணுக்குள்ளேயே வெட்கப்பட்டாள். பக்கத்து இருக்கை மடிந்தது. மதினி எழுந்தாள், ஒரு கணம் அப்படியே நின்றாள், பார்க்கிறாள், நிச்சயமாகப் பார்க்கிறாள், முகத்தில் பார்வை விழுகிற இடம் குறுகுறுத்தது. பிறகு மறுபக்கம் வழியாகப் போனாள். போய்விட்டாளா, ஒரேயடியாகவா? பையை எடுத்துக்கொண்டு போனாளா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்க்கலாம், ஆனால் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால். அந்தப் பத்து நிமிடமும் அவள் தூங்கினாள், அதைவிடக் கஷ்டமான வேலையை அவள் கவுண்டரில் கோடை விடுமுறைக் கூட்டத்தில்கூடச் செய்ததில்லை. சோளப்பொரி வாசனை வந்தது, பிள்ளைகள் ஓடின, மணி அடித்தது, விளக்கு மங்கியது. முழங்காலை இழுத்து இழுத்து நடக்கிற காலடி இந்தத் தடவை இவள் பக்கமாகவே வந்தது. வந்தவளுக்கு வழி விட வேண்டுமல்லவா, ஆபரேஷன் செய்த கால் அல்லவா, இடறி விழுந்தால் என்னாவது, ஆழ்ந்த தூக்கத்தில் இருந்த இந்திராணி இரண்டு காலையும் மரியாதையாகத் தூக்கி இருக்கைக்கு மேல் மடித்து வைத்துக்கொண்டாள். வைத்த பிறகுதான் தான் செய்தது அவளுக்குப் புரிந்தது. காலை இறக்கவும் முடியாமல், கண்ணைத் திறக்கவும் முடியாமல், சம்மணம் போட்ட சாமியார் கணக்காக உட்கார்ந்திருந்தாள். மதினி அவளைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். நாக்கைத் தட்டக்கூட இல்லை.

இப்போது மதினிக்குத் தெரியும். மதினிக்குத் தெரியும் என்று இவளுக்கும் தெரியும். திரையில் நாற்பதாவது நாள் என்று எழுத்து வந்தது. பட்டாளத்துத் தலைவன், உள்ளே விடாமல் வாசலில் நிற்கிறார்கள், அப்படியென்றால் ஏதோ மறைக்கிறார்கள், சுட்டுவிடலாம் என்கிறான். மந்திரி யோசிக்கிறார். டீச்சர் மட்டும் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தத் திறந்த கதவையே பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று எழுந்து, அவர்கள் எதையும் சொல்லவில்லை, கதவைத் திறந்து விளக்கையும் போட்டு ஒதுங்கி நிற்கிறார்கள், நாம் வருவோம் என்று நிற்கிறார்கள், நாற்பது நாளாக ஒருத்தரும் போகவில்லை என்று கத்துகிறாள். அடப் பாவிகளா, அப்படியானால் வாங்க என்று சொல்ல வேண்டியது நாம் இல்லையா, அவர்களா, வீடு யாருடையது, விருந்தாளி யார், என்று இந்திராணி தலைகீழாகக் கிடந்த நியாயத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது டீச்சர் கப்பலை நோக்கி ஓட ஆரம்பித்தாள், முனகல் நின்றது, கதவு மூடத் தொடங்கியது, தியேட்டரே உறைந்து கிடக்கையில் பக்கத்திலிருந்து தன் ஊர் திருமங்கலம் சந்தைக்கே கேட்கிற குரலில் மதினி கேட்டாள்:

"ஏய், அது இப்ப கிளம்புதா, இல்ல இவளை ஏத்திக்கிடப் போகுதா?"

"கிளம்புது மதினி," என்றாள் இந்திராணி. ஒன்பது வருஷத்து நூறு பதிலும் காத்திருக்க, வாயிலிருந்து வந்தது அதுதான். "அவ ஓடுறா, எட்டமாட்டா."

"எட்டமாட்டாளா?"

"உஷ்!" என்றான் பின்வரிசையில் ஒருத்தன்.

"என்னடா உஷ்ஷு, அந்தச் சத்தம் போட்டதே எம் புள்ளைதான்," என்று மதினி அவனை அடக்கிவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

டீச்சர் எட்டவில்லை. அண்டா மேலே எழும்பி, சின்னதாகி, புள்ளியாகி, மறைந்தது. ஏரியில் ஒரு வட்டத் தடம் மட்டும் கிடந்தது, அதில் அவள் தனியாக நின்றாள். விளக்கு எரிந்தது. இந்திராணி திரும்பிப் பார்த்தாள், வேறு வழியில்லை, காலைக் கீழே இறக்கிவிட்டு நேராகவே பார்த்தாள். மதினி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. எப்போது இப்படி வெளுத்தது, செண்பகராமன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, மழை இல்லை என்று மட்டும் சொல்லத் தெரிந்த மனுஷன். இனி தாங்காது என்று இந்திராணி தொடங்கினாள்.

"மதினி, அன்னைக்குப் பாலு..."

"எந்தப் பாலு?"

"நம்ம வீட்டுல பால் காய்ச்சுன அன்னைக்கு. நீங்க வந்து நின்னீக, நான் வாங்கன்னு சொல்லல. பெரிய மாமா கண்ணை எடுக்கக் கூடாதுன்னாக..."

"அடக் கூறுகெட்டவளே," என்றாள் மதினி. "வாங்கன்னு சொல்லலைங்கிறதுக்கா நான் இம்புட்டு வருஷம் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு இருந்தேன்? அந்தக் கோவம் மத்தியானம் வரைக்கும் தாங்குமா?"

"வாய் சும்மாத்தான இருந்துச்சுன்னு கேட்டீகளாமே."

"தம்பி வந்து கேட்டா சொல்ல ஒரு காரணம் வேணுமில்ல? தட்டை வச்சுட்டுப் போனேன். எதுக்குப் போறோம், பின்னாடியே ஒருத்தி ஓடியாந்து கையைப் பிடிச்சு இழுப்பான்னுதான போறோம். பஸ் ஸ்டாப்புல நின்னேன். திருமங்கலம் பஸ் ஒண்ணு போச்சு, ரெண்டு போச்சு, நாலு போச்சு. நான் ஏறல. நீ வருவ, வந்தா ரெண்டு வார்த்தை பிகு பண்ணிக்கிட்டுத் திரும்பிரலாம்னு நின்னேன். பசி உசுரு போகுது. சாம்பார் வாசம் அங்க வரைக்கும் வருது. நாலு பஸ்ஸை விட்டுட்டு நின்னேன்னு எந்தம்பிகிட்ட எந்த வாயால சொல்லுவேன்? அதான் பாலு, வாயின்னு எதையோ சொல்லி வச்சேன்."

அவர்கள் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் பரணியின் பேர் திரையில் வந்து போயிருக்க வேண்டும். இருவருமே பார்க்கவில்லை. இந்திராணி பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. அன்றைக்கு இரண்டாம் பந்தி, அவள் கையில் சாம்பார் வாளி, எதிர்வீட்டு அம்மாள் வந்து காதோடு சொல்கிறாள்: "உங்க மதினி பஸ் ஸ்டாப்புல ரொம்ப நேரமா நிக்கிறாகளே." இவள் வாளியிலிருந்து நிமிராமலே, "நிக்கட்டும்" என்றாள். பாலை ஆயிரம் தடவை காய்ச்சியிருக்கிறாள் மனசுக்குள், இந்த நிக்கட்டும் ஒரு தடவைகூட வந்ததில்லை, எங்கே போய் உட்கார்ந்திருந்ததோ. சொல்லாமலே விட்டுவிடலாம். மதினிக்கு எப்படித் தெரியப்போகிறது, எதிர்வீட்டு அம்மாள் செத்தே மூன்று வருஷம் ஆகிறது, இப்போதுதான் எல்லாம் சரியாகிறது, இதைப் போய்ச் சொல்லிக் காரியத்தைக் கெடுப்பானேன். ஆனால் அப்படியே விட்டுவிட்டால் பாலுக்குப் பதில் இவள் இனி ஆயுசுக்கும் இதையே காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டும்.

"நீங்க நிக்கிறது எனக்குத் தெரியும் மதினி," என்றாள். "வந்து சொன்னாக. நான்தான் நிக்கட்டும்னு சொன்னேன்."

மதினி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அவளைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து, முழங்காலை இழுத்து இழுத்துப் படி இறங்கி வெளியே போனாள். போகட்டும், கோபம் ஆறட்டும், நாளைக்கு அவரை அனுப்பிப் பேசச் சொல்லலாம் என்று பழைய புத்தி சொன்னது. இந்திராணி ஓடினாள், அதற்குள் மதினி ஏறிய லிஃப்ட் மூடிவிட்டது. நெஞ்சில் வெல்லம் ஒட்ட, செருப்பு ஒன்று கழன்று இழுபட, நகரும் படிக்கட்டில் நின்றவர்களை எல்லாம் இடித்துக்கொண்டு ஐந்து மாடி இறங்கினாள். வெளியே மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ் நிறுத்தத்தில் மதினி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திருமங்கலம் பஸ் வந்து நின்றது. மதினி ஒரு காலைப் படியில் வைத்தாள். இந்திராணி போய் அவள் கையைப் பிடித்தாள்.

"விடுடி, பஸ் போயிரும்."

"போகட்டும்."

"இப்ப வந்து பிடி. அன்னைக்குப் பிடிக்கத் தெரியல."

"தெரியல மதினி. தப்பு எம்மேலதான்."

"ஏறுறீங்களா இல்லையாம்மா?" என்று கண்டக்டர் கத்தினான். மதினி படியிலிருந்து காலை எடுத்தாள். பஸ் போயிற்று. அடுத்ததும் வந்தது, அதையும் இருவரும் விட்டார்கள். மதினி முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தாள், கையை மட்டும் உருவிக்கொள்ளவில்லை. மூன்றாவது பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு, திரும்பாமலே, "பசிக்குதுடி" என்றாள்.